பொன்மலையில் ஒரு குட்டிக் கார்



திருச்சிராப்பள்ளிக்கு வருகின்றவர்கள் மலைக்கோட்டையைக் காணாமல் திரும்புவதில்லை. நத்தர்வலி தர்காவில் ஃபாத்திஹா ஓதிவிட்டு, பெரிய கடை வீதியில் துணிமணி எடுத்துக்கொண்டு, ஜங்ஷனில் ரயிலேறி விடுகிறார்கள். தங்களில் எத்தனை பேர் பொன்மலைக்கு வந்திருக்கிறீர்கள்? தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வருவோர், ஜங்ஷன் வருவதற்குச் சற்று முன்னால் நீண்ட கொட்டகைகளையும், மரங்கள் கவிந்த குடியிருப்புகளையும் ஜன்னல் வழியே கண்டிருக்கலாம். அதுதான் எங்கள் ஊர். அந்த ஊரில் ஒரு சிறிய கார் வாங்கிய குடும்பத்தின் அனுபவத்தையே இங்கு தங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கார் வாங்கலாமா, வேண்டாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு இது ஓரளவேனும் பயன்படக்கூடும்.

போர்க்களம், பட்டறையான கதை

பொன்மலை என்றதும் பெரிய மலை ஒன்றைக் கற்பனை செய்துவிட வேண்டாம். இது ஒரு சிறு பாறைக் குன்று. ஆங்கிலேயர்கள் இதனைத் 'தங்கப் பாறை' என்று அழைத்தார்கள். ஆற்காட்டு நவாபின் பதவிக்காக முகம்மது அலி வாலாஜா ஒருபுறமும், பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையினரும் மறுபுறமும் நின்று போராடிய காலத்தில், 1753-ஆம் ஆண்டு இக்குன்றருகே ஒரு பெரும் போர் நிகழ்ந்தது. ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் வாலாஜாவுக்காக அப்போரை வென்றார். அந்த வாலாஜாவும், அவருடைய எதிரியாக விளங்கிய சந்தா சாகிபும் இன்று நத்தர்வலி தர்கா வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். நாற்காலிக்காக மோதிக்கொண்டவர்களுக்கு இறுதியில் கிடைத்தது ஒரே முற்றத்து மண்தான்.

இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் தென்னிந்திய ரயில்வே நிறுவனம், நாகப்பட்டினத்திலிருந்த தன் பட்டறையை இங்கே கொண்டுவந்தது. பட்டறையோடு ஒரு நகரமும் எழுந்தது. நேரான தெருக்கள், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள், மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று எல்லாம் தொழிலாளர்களுக்காகவே அமைந்தன. 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் இங்கே உயிரிழந்தனர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களைப் புதிதாகச் செய்து கொடுத்ததும் இதே பட்டறைதான்.

என் அத்தா இந்தப் பட்டறையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் ஆறுபோல் பாய்ந்து வாயிலுக்குள் நுழையும் காட்சியைச் சிறுவயதில் கண்டு வளர்ந்தவன் நான். ஆயிரக்கணக்கான மனிதர்கள் ரயிலுக்காக உழைத்தார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பியது சைக்கிளில்தான். அப்படிப்பட்ட ஊரில், ஒரு ஃபிட்டரின் வீட்டு வாசலில் கார் நிற்பது என்பது சிறிய செய்தியன்று.

ஸ்கூட்டரில் நால்வர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாத மாலை. உறவினர் வீட்டு வலீமா விருந்துக்குச் சென்றுவிட்டு, நானும் என் துணைவியாரும் இரு பிள்ளைகளுமாக ஒரே ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மகன் முன்னால் நின்றான். மகள் எங்களிருவருக்கும் நடுவே நெருக்குண்டிருந்தாள். சட்டப்படி அது குற்றம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். திடீரென்று மழை கொட்டியது. வேகத்தடை இருந்த இடம் தண்ணீரில் மறைந்துவிட்டது. வண்டி சறுக்கியது, நால்வரும் சாலையில் கிடந்தோம். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் சரியான நேரத்தில் நிறுத்தியதால், மகளின் முழங்காலில் ஐந்து தையல்களோடு அல்லாஹ் எங்களைக் காப்பாற்றினான்.

ஏறத்தாழ இதே காட்சிதான் ஒரு பெரிய தொழிலதிபரின் மனத்தை உறுத்தியது என்பதைத் தாங்கள் படித்திருப்பீர்கள். மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு செல்லும் குடும்பங்களைப் பார்த்த ரத்தன் டாட்டா, அவர்களுக்கென்று ஒரு காரைச் செய்ய எண்ணினார். 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் 'நானோ' அறிமுகமானது. விலை ஒரு லட்சம் ரூபாய் என்றார்கள். நீளம் 3.1 மீட்டர். இரண்டு சிலிண்டர் கொண்ட 624 சி.சி. என்ஜின் பின்புறத்தில் இருந்தது. ஒவ்வொரு சக்கரத்திற்கும் மூன்று நட்டுகள். கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். எதையெல்லாம் குறைக்க முடியுமோ அதையெல்லாம் குறைத்திருந்தார்கள். மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் பிரச்சினை எழுந்ததால், தொழிற்சாலையை குஜராத்தின் சானந்துக்கு மாற்ற நேர்ந்தது. ஆண்டுக்கு 2,50,000 கார்கள் செய்யத்தக்க தொழிற்சாலை அது. மிக நன்றாக விற்ற ஆண்டிலும் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட விற்பனை எட்டவில்லை. 2018-இல் உற்பத்தி ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? 'மிக மலிவான கார்' என்ற பெயரே அதற்கு எமனாயிற்று. அப்படிப் பெயர் பெற்றது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நம் நாட்டில் கார் என்பது வாகனம் மட்டுமன்று. அது வீட்டு வாசலில் நிற்கும் கௌரவம். 'மலிவானதை வாங்கினான்' என்று ஊரார் சொல்லக் கேட்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் சிறியது எப்போதும் தோற்றுவிடுவதில்லை. 1983 டிசம்பரில் பிறந்த மாருதி 800-ஐ எண்ணிப் பாருங்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 796 சி.சி. என்ஜினோடு வந்த அந்தச் சிறு கார், 2014 ஜனவரி வரை உற்பத்தியில் இருந்து, 25 லட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. எத்தனையோ குடும்பங்களின் முதல் கார் அதுதான். 'மலிவு' என்ற பெயரை அது சூட்டிக்கொள்ளவில்லை; 'நம்மாலும் முடியும்' என்ற பெயரைப் பெற்றது.

வட்டியா, ரொக்கமா?

மகளின் தையல் பிரிப்பதற்குள் வீட்டில் கார்ப் பேச்சு தொடங்கிவிட்டது. நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில், "தவணையில் எடுத்துவிடு. பெரிய காராகவே எடு" என்றார்கள். அத்தா மட்டும் ஒரு தாளையும் பென்சிலையும் கேட்டார்.

3 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டிக்கு, ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்கினால், மாதம் சுமார் 6,375 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்தாண்டு முடிவில் கட்டிய தொகை 3,82,000 ரூபாயைத் தாண்டும். வட்டி மட்டும் 82,000 ரூபாய்க்கு மேல். அதே ஐந்தாண்டில் காரின் மதிப்போ பாதியாகக் குறைந்திருக்கும். "வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தேய்ந்துகொண்டே போகும் பொருளுக்கு வளர்ந்துகொண்டே போகும் கடன் எதற்கு, தம்பி?" என்று அத்தா கேட்டார். அவரும் அம்மாவும் உம்ராவுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதைத் தொடுவதில்லை என்று நான் உறுதியாக இருந்தேன்.

பதினான்கு மாதங்கள் சேமித்தோம். இறுதியில் 1,65,000 ரூபாய் ரொக்கத்திற்கு ஒரு பழைய சிறு காரை வாங்கினோம். அதன் நிறுவனப் பெயர் இங்கு தேவையில்லை. எட்டு ஆண்டு ஓடியது. நீளம் மூன்றரை மீட்டருக்குள் அடங்குவது. புத்தகத்தில் ஐந்து பேருக்கு இடம். வாங்குவதற்கு முன் அத்தா வந்து சோதித்தார். என்ஜினை ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவரின் முனையை அதன்மீது வைத்து, கைப்பிடியைத் தம் காதில் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விற்பவருக்கு வியர்த்துவிட்டது. "நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. எடுத்துக்கொள்" என்றார் அத்தா.

பழைய கார் வாங்கும் வாசகர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சொந்தக் கார்களின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்குக் கொண்டுசென்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. விலை குறைவு என்று 14 வயதுக் காரை வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டே அலைவோர் உண்டு. முதலில் பிறந்த ஆண்டைப் பாருங்கள். பிறகு வண்ணத்தைப் பாருங்கள்.

சந்துகளின் தோழன்

இனி, எங்களுடன் காரில் ஏறிக்கொள்ளுங்கள். பொன்மலையிலிருந்து சங்கிலியாண்டபுரம் வழியாகப் பாலக்கரை செல்வோம். இருபுறமும் கடைகள், நடுவில் பேருந்து, ஆட்டோ, தள்ளுவண்டி, சைக்கிள், இடையிடையே மாடு. நமக்கு முன்னால் செல்லும் பெரிய கார், எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட முடியாமல் திணறி நின்றுவிடுகிறது. நாமோ ஓரத்தில் ஒதுங்கி, ஒரு மூச்சு அடக்கி, கடந்துவிடுகிறோம். சிறு காரின் முதல் நன்மை இதுதான். திருச்சியின் பழைய பகுதிகள் குதிரை வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் அளவெடுத்து அமைந்தவை. அந்த அளவுக்கு மிக நெருங்கி வருவது குட்டிக் கார்தான்.

காந்தி மார்க்கெட்டை நெருங்கியதும் இரண்டாவது நன்மையைக் காண்கிறோம். நான்கரை மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள பெரிய கார், எட்டுச் சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை அடைத்துக்கொள்கிறது. நம் வண்டிக்கு ஐந்தே போதும். இரண்டு லாரிகளுக்கு இடையே எஞ்சியிருக்கும் மூலை நமக்கு மாளிகை. திருப்புவதற்கும் தெருவின் அகலம் முழுவதும் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது நன்மை செலவு. நகருக்குள் எங்கள் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது. பெட்ரோல் விலை நூறு ரூபாயைத் தாண்டியிருக்கும் காலத்தில், கிலோமீட்டருக்கு ஆறேழு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதைத் தாண்டி 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். வரி தனி. டயர், பாட்டரி, என்ஜின் ஆயில் என்று எதை மாற்றினாலும் சிறிய வண்டிக்குச் சிறிய செலவே.

ஆனாலும் உண்மையை மறைக்கலாகாது. 2021-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. என் துணைவியார் மார்க்கெட்டுக்குத் தனியாகச் செல்லும்போது இன்றும் பேருந்தில்தான் செல்கிறார். "வாசலில் கார் நிற்கிறது என்பதற்காக நூறு ரூபாய்க் கொத்தமல்லி வாங்க முடியுமா?" என்பது அவருடைய கேள்வி. கார் பேருந்துக்குப் பதிலாக வந்ததன்று. மழைக்கும் நோய்க்கும் இரவு நேரத்துக்கும் வந்தது.

நிறுத்துமிடம் யாருடையது?

மதுரை ரோட்டில் தர்காவின் அருகே சற்று நில்லுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இது திருச்சிக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றின் வாயிலிலும், குத்பா தொடங்கும் நேரத்தில் தாறுமாறாகக் கார்களை நிறுத்திவிட்டு ஓடுகிறோம். பின்னால் ஒரு நோயாளி காத்திருக்கலாம். அடுத்த வீட்டுக்காரர் அலுவலகம் செல்ல வேண்டியிருக்கலாம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே நற்செயலாகக் கற்றுக்கொண்ட நாம், தொழுகைக்குச் செல்லும் வழியில் இடையூறை நாமே வைத்துவிட்டுச் செல்வது முறையாகுமா? சிறிய காராக இருந்தாலும் குறுக்கே நின்றால் தடைதான். குட்டிக் கார் இடத்தைச் சேமித்துக் கொடுக்கும்; ஒழுக்கத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

ஜப்பானியர் இதற்குச் சட்டத்தாலேயே வழி கண்டார்கள். அங்கே பெரும்பாலான இடங்களில், காரை நிறுத்த இடமிருக்கிறது என்று காட்டினால்தான் காரையே பதிவு செய்ய முடியும். 'கெய்' என்று அழைக்கப்படும் சிறு கார்களுக்கு மஞ்சள் நிற எண் பலகை தருகிறார்கள். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சி.சி.; இவற்றைத் தாண்டக் கூடாது. வரி குறைவு, சிற்றூர்களில் நிறுத்துமிடச் சான்று பற்றிய தொல்லையும் இல்லை. பணக்கார நாடாகிய ஜப்பானில், கெய் கார் ஓட்டுவதை யாரும் தாழ்வாக எண்ணுவதில்லை.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'மினி' காருக்கும் இதுபோல் ஒரு பின்னணி உண்டு. 1956-இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதைத் தொடர்ந்து போர் மூண்டது. ஐரோப்பாவில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்த இஸிகோனிஸ் என்ற பொறியாளர், என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, பத்தடி நீளத்திற்குள் நால்வர் அமரும் காரை 1959-இல் உருவாக்கினார். அங்கெல்லாம் தேவை சிறிய காரைப் பிறப்பித்தது. நம் நாட்டிலோ கௌரவம் பெரிய காரைக் கேட்கிறது.

நெடுஞ்சாலையில் நடுக்கம்

நன்மைகளை மட்டும் சொல்லிவிட்டு நழுவுவது நாணயமாகாது. ஒருமுறை தஞ்சாவூருக்கு நெடுஞ்சாலையில் சென்றோம். பெரிய பேருந்து ஒன்று எங்களை முந்திச் சென்றபோது, அதன் காற்றிலேயே எங்கள் வண்டி ஓரடி அசைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்; எனக்கு உள்ளங்கை வியர்த்தது. எடை குறைந்த வண்டி கனமான வண்டியோடு மோதினால், அடியின் பெரும்பங்கைச் சிறியதே வாங்கிக்கொள்ளும். இது எந்தக் கம்பெனியின் குறையும் அன்று, இயற்கையின் விதி.

2014-ஆம் ஆண்டு குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறு கார்களின் அடிப்படை வகைகளை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஒன்றுகூட ஒரு நட்சத்திரம் பெறவில்லை. காற்றுப் பையும் அவற்றில் கிடையாது. அதன்பிறகு நிலைமை மாறியது. 2019 ஏப்ரலிலிருந்து பூட்டிக்கொள்ளாத பிரேக் அமைப்பும், அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கான காற்றுப் பையும், 2021 இறுதிக்குள் முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப் பையும் புதிய கார்களில் கட்டாயமாயின. எனவே, பழைய சிறு காரை வாங்குவோர் இந்த ஆண்டுகளை நினைவில் கொள்ளட்டும். எங்கள் கார் இவற்றுக்கு முந்தையது. ஆகவே நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். நகருக்குள்ளும், கல்லணை, முக்கொம்பு போன்ற அண்டை இடங்களுக்கும் மட்டுமே கார். அதுவும் பின்னால் இருப்பவர்களும் பெல்ட் அணிந்துகொண்டு. வெளியூருக்கு ரயில் இருக்கிறது. பொன்மலைக்காரன் ரயிலை நம்பாமல் வேறு எதை நம்புவது?

மற்ற குறைகளும் உண்டு. சாமான் வைக்கும் இடம் ஒரு பெட்டிக்கே சரியாகிவிடும். சித்திரை வெயிலில் ஐந்து பேர் அமர்ந்து ஏ.சி.யைப் போட்டால், மேம்பாலம் ஏறும்போது என்ஜின் முனகும். மழைநாளில் ரயில் பாதையின் கீழுள்ள சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால், சிறிய சக்கரங்களோடு அதில் இறங்காமல் திரும்பிவிடுவதே புத்தி.

ஆறாவது ஆள்

இவை எல்லாவற்றிலும் பெரிய குறையை நான் ஓராண்டு கழித்தே உணர்ந்தேன். அத்தா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். வீட்டில் ஆறு பேர். காரில் ஐந்து இருக்கை.

கார் வந்த முதல் மாதத்திலிருந்தே, எங்கு புறப்பட்டாலும் அத்தா, "நீங்கள் போய் வாருங்கள். எனக்கு வேலை இருக்கிறது" என்பார். பெருநாளன்று உறவினர் வீடுகளுக்குச் சென்றபோதும் வேலை. கல்லணைக்குச் சென்றபோதும் வேலை. திருமணங்களுக்கு அவர் முன்னதாகவே பேருந்தில் புறப்பட்டுவிடுவார். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் காலத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து செல்வதென்றால் பேருந்தில் ஏறுவோம். ஆறு பேரும் ஒன்றாகச் செல்வோம். கார் வந்த பிறகு ஆறு பேர் ஒன்றாகச் சென்றதே இல்லை.

ஒருநாள் அம்மாதான் சொன்னார்: "உங்க அத்தாவுக்கு வீட்டுல என்னப்பா வேலை? உட்கார இடமில்லைன்னு தெரிஞ்சு சொல்றார். அது உனக்குப் புரியலையா?"

எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. காரின் நெஞ்சைக் காது வைத்துக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர், அந்தக் காரில் பயணம் செய்தது எத்தனை முறை என்று எண்ணினேன். மருத்துவமனைக்கு இருமுறை. அவ்வளவுதான்.

திருவரங்கத்து நண்பர்

அந்த வாரத்திலேயே ஒரு செய்தி வந்தது. அத்தாவோடு ஒரே பகுதியில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த நண்பர் திருவரங்கத்தில் படுக்கையில் இருக்கிறார் என்றார்கள். ஐயங்கார் குடும்பத்தவர். நோன்புக் காலத்தில் அத்தா களைத்துப் போகாமலிருக்க, கனமான வேலையைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர். அத்தா ஏழெட்டு மாதங்களாகவே அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்; என்னிடமன்று, அம்மாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தாவை முன்னிருக்கையில் அமர்த்தினேன். அம்மாவும் பிள்ளைகளும் பின்னால். இம்முறை என் துணைவியார், "எனக்கு வேலை இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

பொன்மலைச் சந்தையின் நெரிசலைத் தாண்டி, பாலக்கரை, சத்திரம் பேருந்து நிலையம், சிந்தாமணி என்று சென்று காவிரிப் பாலத்தில் ஏறினோம். 1976-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக 2022 நவம்பரில் மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் காரில் செல்வோர் சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு சென்றார்கள். பாலம் இல்லையென்றால் பெரிய காரும் ஒன்றுதான், சிறிய காரும் ஒன்றுதான். அத்தா ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். தம் நண்பரோடு ஆடிப் பெருக்கின்போது இங்கே வந்ததைப் பேரனுக்குச் சொன்னார்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த ஊர் திருவரங்கம். கோயிலைச் சுற்றி மதிலுக்குள் மதிலாக ஏழு சுற்றுகள். வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருக்கள். நெடுங்காலம் முடிவுபெறாமல் நின்று 1987-இல் நிறைவெய்திய ராஜகோபுரம் 236 அடி உயரத்தில் தொலைவிலேயே தெரிந்தது. அடையவளஞ்சான் வீதியில் நுழைந்து, அங்கிருந்து பிரியும் ஒரு சந்தை அடைந்தோம். சந்து முனையில் வாடகைக்கு வந்த பெரிய கார் ஒன்று நின்றிருந்தது. அதில் வந்த முதிய பெண்மணி, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உள்ளே நடந்துகொண்டிருந்தார். எங்கள் கார் அந்தச் சந்துக்குள் மெதுவாக நுழைந்தது. முழங்கால் வலிக்காரரான அம்மா, நண்பர் வீட்டுத் திண்ணையருகிலேயே இறங்கினார்.

நண்பர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், 34 வருஷம் ரயிலுக்கு வேலை பார்த்துட்டு, கடைசியில தீப்பெட்டியில வந்து இறங்கறீரே!" என்றார்.

"தீப்பெட்டியாக இருந்ததால்தான் சாமி, உங்க வாசல் வரைக்கும் வர முடிஞ்சது" என்றார் அத்தா.

இருவரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். பட்டறைச் சங்கும், பழைய ஃபோர்மன்களும், சம்பள நாளும் பேச்சில் வந்துபோயின. திரும்பும்போது அத்தா காரின் முகப்பை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார். அந்தக் கார் வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த நற்சான்று அதுவே.

அன்றிரவே வீட்டில் ஒரு முறை வகுத்தோம். ஐந்து பேருக்குத்தான் இடமென்றால், வீட்டில் இருப்பவர் முறைவைத்து மாறுவார். அத்தாவும் அம்மாவும் அந்தப் பட்டியலில் இல்லை. என் முறை வந்தால், வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட என் துணைவியார் சாவியை எடுத்துக்கொள்வார். ஆறு பேரும் செல்ல வேண்டுமென்றால், பழையபடி பேருந்து.

வாங்குமுன் யோசியுங்கள்

வாசகர்களே! 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. 2023-இல் மூன்று மீட்டருக்கும் குறைவான நீளத்தில் நால்வர் அமரும் மின்சாரக் காரும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இனியும் புதிது புதிதாக வரும். விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர்? உங்கள் தெருவின் அகலம் என்ன? மாதத்தில் எத்தனை நாள் நெடுஞ்சாலையில் செல்வீர்கள்? வட்டியில்லாமல் வாங்க எத்தனை மாதம் பொறுக்க வேண்டும்? நகருக்குள் ஓட, நால்வர் உள்ள குடும்பத்துக்கு, ரொக்கமாக வாங்க முடியுமானால், சிறிய கார் ஒரு நல்ல அருட்கொடை. வாரந்தோறும் வெளியூர் செல்வோருக்கும், பெரிய கூட்டுக் குடும்பத்துக்கும் அது போதாது.

எதை வாங்கினாலும், "எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று கையசைப்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை திருச்சிக்கு வரும்போது பொன்மலைக்கும் வாருங்கள். ஜங்ஷனுக்கு வந்து அழைத்துச் செல்ல எங்கள் தீப்பெட்டி தயாராக இருக்கும். ஆனால், பெட்டி மட்டும் ஒன்றோடு நிற்கட்டும்!